லவிங் கவுன்டியின் வாக்குக் கணக்கு: ஆளைவிட ஓட்டு கூடிய கதை

## எதை ஆராய்கிறோம்

2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டெக்சாஸ் மாநிலத்தின் லவிங் கவுன்டியில் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வசித்தவர்கள் 67 பேர். குழந்தைகளையும் சேர்த்துத்தான் 67. அதே ஆண்டு நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் அங்கே எண்ணப்பட்ட வாக்குகள் 156. இந்த இரண்டு எண்களையும் முதல்முறை பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். பிழையில்லை. இரண்டும் அரசே வெளியிட்டவை.

அமெரிக்கத் தேர்தல் வரைபடங்களில் இந்தக் கவுன்டி குடியரசுக் கட்சியின் நிறமான ஆழ்ந்த சிவப்பில் இருக்கும். குடியரசுக் கட்சிக்கு இத்தனை சதவீதம், ஜனநாயகக் கட்சிக்கு இத்தனை என்று ஒரு வரியும் கூடவே இருக்கும். அந்த வரியை ஊரின் அரசியல் மனநிலை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்த வாசிப்பு எங்கே சறுக்குகிறது, சறுக்கக் காரணமான பட்டியல் எப்படி உருவானது, அதை வைத்து உள்ளூரில் என்னென்ன நடந்தது என்பதைக் கால வரிசையில் பதிவு செய்கிறேன். அதிபர் வேட்பாளர்களின் பெயர்கள் தவிர, உள்ளூர்க்காரர் எவருடைய பெயரும் இதில் வராது.

## பின்னணி: பெக்கோஸ் கரையில் ஒரு வெற்றிடம்

மேற்கு டெக்சாஸில் நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி, பெக்கோஸ் ஆற்றுக்கு வடகிழக்கே இருக்கிறது லவிங் கவுன்டி. பரப்பு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். ஊர் என்று சொல்ல மென்டோன் ஒன்றுதான்; 2010 கணக்கெடுப்பில் அங்கே 19 பேர் இருந்தார்கள். 1935இல் கட்டிய நீதிமன்றக் கட்டடமும் 302ஆம் எண் மாநில நெடுஞ்சாலையும்தான் ஊரின் அடையாளம். மழை குறைவு. ஆற்றுத் தண்ணீர் உப்பு. மாடு மேய்க்கலாம், எண்ணெய் எடுக்கலாம். வேறு பிழைப்பு அதிகம் கிடையாது.

1887இல் டாம் கிரீன் கவுன்டியிலிருந்து பிரித்து இதை உருவாக்கினார்கள். பெயர், 1867இல் இந்தப் பக்கம் மாட்டு மந்தை ஓட்டி வந்தபோது காயம்பட்டு, பின்னர் இறந்துபோன ஆலிவர் லவிங் என்பவருடையது. வரைபடத்தில் கோடு போட்டார்களே தவிர உள்ளே ஆள் இல்லை. 1890 கணக்கெடுப்பில் மொத்தம் 3 பேர்.

அடுத்து நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கும். 1893இல் டென்வர் நகரத்தைச் சேர்ந்த சிலர் பெக்கோஸிலிருந்து கால்வாய் வெட்டப்போவதாக ஒரு பாசன நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு, கவுன்டிக்குத் தனி நிர்வாகம் வேண்டும் என்று 150 கையெழுத்துகளோடு ஒரு மனு போனது. தேர்தல் நடந்தது, 83 வாக்குகள் விழுந்தன, அதிகாரிகள் பதவியேற்றார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் மூன்றே பேர் இருந்த இடத்தில் 83 வாக்கு! வெளியூரில் இருந்த நில உரிமையாளர்களுக்கு வரி ரசீது வந்ததும் சந்தேகம் கிளம்பியது. 1897இல் சட்டமன்றம் நிர்வாகத்தையே கலைத்து, கவுன்டியைப் பக்கத்து ரீவ்ஸ் கவுன்டியோடு சேர்த்துவிட்டது. 1900 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 33 பேர்.

## 1931 முதல் 1980 வரை: எண்ணெய் வந்தது, ஆள் போனார்கள்

1921இல் எண்ணெய் கிடைத்தது. 1930இல் 195 பேர் இருந்தார்கள். 1931இல் மீண்டும் தனி நிர்வாகம் அமைந்தது. டெக்சாஸின் 254 கவுன்டிகளில் கடைசியாக அமைந்தது இதுதான், அதுவும் இரண்டாவது முறையாக. 1940இல் 285 பேர். அதற்குமேல் எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறவில்லை. 1950இல் 227, 1960இல் 226, 1970இல் 164, 1980இல் 91.

எண்ணெய்க் கிணறு தோண்டும்போதுதான் ஆள் நிறைய வேண்டும்; தோண்டி முடித்தால் பம்பு தானாக ஆடிக்கொண்டிருக்கும், பார்த்துக்கொள்ள இரண்டு மூன்று பேர் போதும். மாட்டுப் பண்ணையும் அப்படியே, பரப்பு பெரிது, ஆள் குறைவு. இதோடு பள்ளியும் போனது. 1972இல் மென்டோன் பள்ளியை மூடி, பிள்ளைகளைப் பக்கத்து விங்க்லர் கவுன்டியிலுள்ள விங்க் ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பிள்ளை படிக்கும் ஊரில் வீடு பார்ப்பது எந்தத் தாய்தகப்பனும் செய்கிற காரியம். குடும்பம் விங்க், கெர்மிட், ஒடெசா என்று நகர்ந்தது. நிலமும் பண்ணை வீடும் லவிங்கிலேயே கிடந்தன.

இங்கே வாக்காளர் பட்டியலின் கதையும் குறுக்கிடுகிறது. டெக்சாஸில் 1902 முதல் வாக்களிக்கத் தலைவரி கட்டியாக வேண்டும். தேசியத் தேர்தல்களுக்கு அந்த வரியை 1964இல் அரசியல் சட்டத் திருத்தம் ஒழித்தது, மாநிலத் தேர்தல்களுக்கு 1966இல் நீதிமன்றம் ஒழித்தது. அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் புதிதாகப் பதிவு செய்யும் முறை கொஞ்ச காலம் நீடித்தது. 1971இல் அதையும் நீதிமன்றம் ரத்து செய்தது. இரண்டுமே ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் மெக்சிக வம்சாவளியினரையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்திய ஏற்பாடுகள், ஒழிந்தது நல்லதே. ஆனால் லவிங் போன்ற இடத்தில் அதற்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. ஒருமுறை பதிந்த பெயர் இனி தானாக உதிராது. 1972இல் பள்ளியை மூடி ஊர் காலியாகத் தொடங்கிய அதே நேரத்தில், போனவரின் பெயர் பட்டியலில் தங்குவதற்கும் வழி பிறந்தது.

## 1992: சொந்தப் பக்கத்து அதிபரைக் கைவிட்ட தேர்தல்

இந்தக் கவுன்டியின் அதிபர் தேர்தல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு இது. அதிபராக இருந்தவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ். இவர் எண்ணெய்த் தொழில் கற்றுக்கொள்ள 1948இல் குடும்பத்தோடு வந்து இறங்கிய ஊர் ஒடெசா. பிறகு சில ஆண்டுகள் மிட்லாந்தில் வாழ்ந்தார். லவிங்காரர்கள் மளிகைக்கும் மருத்துவமனைக்கும் போகிற வட்டாரம் அது. அப்படிப்பட்ட மனிதருக்கு 31 வாக்கு. பில் கிளின்டனுக்கு 20. கட்சி எதுவும் இல்லாமல் நின்ற டெக்சாஸ் பணக்காரர் ராஸ் பெரோவுக்கு 45. மொத்தம் 96 வாக்குகளில் கிட்டத்தட்ட 47 சதவீதம் அவருக்கு.

பெரோ நாடு முழுக்க ஏறக்குறைய 19 சதவீதம் வாங்கியும் மாநிலவாரியாகக் கணக்கிட்டு அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் வாக்கு ஒன்றுகூடப் பெறவில்லை. டெக்சாஸில் அவர் முதலிடம் பிடித்த கவுன்டிகள் நான்கே நான்கு, அவற்றில் ஒன்று லவிங். 1986இல் கச்சா எண்ணெய் விலை சரிந்ததில் மேற்கு டெக்சாஸ் முழுவதும் அடிபட்டிருந்தது. வங்கிகள் மூடின, வேலைகள் போயின. எண்ணெய்க்காரர் ஒருவரே வெள்ளை மாளிகையில் இருந்தும் என்ன பயன் என்ற மனத்தாங்கலை அந்த 45இல் பார்க்கலாம்.

இன்னொரு செய்தியும் இதில் இருக்கிறது. 1990 கணக்கெடுப்பில் இங்கே 107 பேர். அவர்களில் 96 பேர் வாக்களித்தார்கள் என்றால், வயது வந்தவர் அத்தனை பேரும் வந்து, சில பிள்ளைகளும் வந்திருக்க வேண்டும். பட்டியல் ஊரைவிடப் பெரிதாகிவிட்டது இந்த ஆண்டிலேயே தெரிகிறது. பெரோவின் வெற்றி வேடிக்கையாக இருந்ததால் யாரும் மொத்தத்தைக் கவனிக்கவில்லை.

## 2000: 67 பேர், 156 வாக்கு

எட்டு வருடம் கழித்து மகன் புஷ் நின்றார். மிட்லாந்தில் வளர்ந்த பிள்ளை. அவருக்கு 124, அல் கோருக்கு 29, மற்றவர்களுக்கு 3. அதாவது கோருக்கு விழுந்த வாக்கையும் மற்றவர்களுக்கு விழுந்ததையும் தள்ளிவிட்டாலும், புஷ்ஷுக்கு விழுந்தது மட்டுமே ஊர் மக்கள்தொகையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

அதிபரைத் தேர்ந்தெடுக்கவா இத்தனை பேர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார்கள்? டெக்சாஸில் புஷ் ஜெயிப்பார் என்பதில் அந்த ஆண்டு யாருக்கும் ஐயமில்லை. லவிங்கின் 156 வாக்குகளும் ஒரே பக்கம் விழுந்திருந்தாலும் மாநிலத்தில் எதுவும் மாறியிருக்காது. ஆக, வாக்குச்சீட்டின் கீழ்ப்பாதியைப் பார்க்க வேண்டும்.

டெக்சாஸில் கவுன்டி நீதிபதி (பெயர் நீதிபதி, வேலை கவுன்டி நிர்வாகத் தலைமை), எழுத்தர் போன்றோரை அதிபர் தேர்தல் இல்லாத இடைக்காலத் தேர்தல் ஆண்டுகளில் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃப்புக்கான தேர்தலோ அதிபர் தேர்தலோடு ஒரே சீட்டில் வருகிறது. பத்தாயிரத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட கவுன்டிகளில் ஷெரிஃப்தான் வரி மதிப்பீட்டாளரும் வசூலிப்பாளரும். மாநிலத் தேர்தல் சட்டப்படி, வேறு ஏற்பாடு செய்யாதவரை, வாக்காளர் பதிவாளரும் அந்த வரி வசூலிப்பாளரே. இதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் யார் இருக்கலாம் என்று பார்ப்பவர், அந்தப் பட்டியலில் இருப்பவர்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அதுவும் அதிபர் தேர்தல் நாளிலேயே.

சரி, பெரிய எண்ணிக்கைக்குச் சட்டத்தில் இடம் உண்டா? நிறையவே உண்டு. கணக்கெடுப்பு ஒருவரை அவர் பெரும்பாலும் தங்கி உறங்கும் இடத்தில் எண்ணுகிறது. டெக்சாஸ் தேர்தல் சட்டமோ, தற்காலிகமாக வெளியே போனாலும் திரும்பி வர நினைக்கும் நிலையான வீட்டை வசிப்பிடம் என்கிறது. மாநில உச்ச நீதிமன்றம் 1964இல் ஒரு வழக்கில் வசிப்பிடம் என்ற சொல் நெகிழ்வானது, விருப்பம், எண்ணம், செயல் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது. ஒடெசாவில் தூங்குகிறவர், "என் வீடு லவிங் பண்ணைதான், பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் போய்விடுவேன்" என்று சொன்னால் மறுப்பது எளிதில்லை. நம்மூரில் வேலைக்காக நகரத்துக்குப் போனவர் ரேஷன் அட்டையை ஊரிலேயே விட்டு வைக்கிற மனநிலைதான் இதுவும். 1993இல் வந்த தேசிய வாக்காளர் பதிவுச் சட்டமும் பெயர் நீக்கத்தை மெதுவாக்கியது: முகவரி மாறியதாகச் சந்தேகம் இருந்தால் அறிவிப்பு அனுப்பி, இரண்டு பொதுத் தேர்தல்கள் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த வாக்காளர் வந்து வசிப்பிட உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு வாக்களிக்கலாம்.

## 2004 முதல் 2020 வரை: ஏறிய சதவீதம், இறங்கிய எண்ணிக்கை

2004இல் மொத்தம் 80 வாக்கு. புஷ் 65, ஜான் கெர்ரி 12. நான்கே ஆண்டில் வாக்கு பாதியாகிவிட்டது. 2008இல் 79, ஜான் மெக்கெய்ன் 67, பராக் ஒபாமா 12. 2012இல் 64, மிட் ராம்னி 54, ஒபாமா 9. 2016இல் 65, டொனால்ட் டிரம்ப் 58, ஹிலாரி கிளின்டன் 4, கேரி ஜான்சன் 3. 2020இல் 66; டிரம்ப் 60, ஜோ பைடன் 4.

சதவீதமாகப் பார்த்தால் குடியரசுக் கட்சியின் ஏறுமுகம் கண்ணைப் பறிக்கும்: 2000இல் 79.5, 2004இல் 81, 2008இல் 85, 2016இல் 89, 2020இல் 91. கிராமப்புற அமெரிக்கா எப்படிச் சிவந்தது என்று கட்டுரை எழுத அருமையான வரைபடம். எண்ணிக்கையாகப் பார்த்தால் அதே கட்சி 124இலிருந்து 60க்கு இறங்கியிருக்கிறது. யாரும் கட்சி மாறி அந்தப் பக்கம் போனதாகக் காட்ட இதில் ஒன்றுமே இல்லை. எதிர்ப்பக்கம் 29இலிருந்து 4 ஆனதால் சதவீதம் ஏறியது. 2012க்கும் 2016க்கும் இடையே சதவீதம் கிட்டத்தட்ட ஐந்து புள்ளி உயர்ந்தது. மனிதக் கணக்கில் அது நாலு பேர். 66 வாக்கில் ஒரு வாக்கு என்றால் ஒன்றரை சதவீதம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்துவிட்டால் போதும், ஊரே கருத்து மாறிவிட்டதாக வரைபடம் சொல்லும்.

2010 கணக்கெடுப்பில் 82 பேர், 2020இல் 64 பேர். 2020இல் விழுந்தது 66 வாக்கு. மறுபடியும் ஆளைவிட ஓட்டு கூடுதல். ஆனால் 64 என்ற எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துத் தொங்கக் கூடாது. 2020 கணக்கெடுப்பில் தனிநபர் விவரம் வெளியே தெரியாமலிருக்க, மாநில மொத்தத்துக்குக் கீழே உள்ள எண்களில் வேண்டுமென்றே சிறு திரிபு சேர்த்திருக்கிறார்கள். பெரிய கவுன்டியில் அது கடலில் கரைத்த பெருங்காயம், இங்கே அது கண்ணில் படக்கூடியது. போதாததற்குக் கணக்கெடுப்பு நாள் 2020 ஏப்ரல் 1. கொரோனா ஊரடங்கு காலம், அதே ஏப்ரல் 20இல் அமெரிக்கக் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போன மாதம்.

அந்த நான்கு பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016இல் ஹிலாரிக்கு 4, 2020இல் பைடனுக்கு 4. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த இடத்தில் இந்த நான்கு பேர் யார் என்று ஊகிப்பது பெரிய துப்பறியும் வேலை இல்லை. முன்கூட்டியே வாக்களித்தவர், தபாலில் வாக்களித்தவர், அன்றைக்கு வந்தவர் என்று முடிவைப் பிரித்து வெளியிட்டால் ஊகமும் தேவைப்படாது. 2023இல் மாநிலம், எண்ணிய வாக்குச்சீட்டுகளைப் பொதுமக்கள் முன்பைவிட விரைவாகப் பார்க்கச் சட்டம் இயற்றியது. 2024இல் வேறொரு பெரிய கவுன்டியில் கட்சிப் பிரமுகர் ஒருவரின் சீட்டு இன்னதென்று கண்டுபிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகே, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மறைக்கச் சொல்லி மாநிலச் செயலரின் அறிவுறுத்தல் வந்தது. ஆயிரக்கணக்கில் வாக்கு விழும் இடத்திலேயே இது நடந்தது.

## தூங்குகிறவர் வேறு, வாக்களிக்கிறவர் வேறு

2010க்குப் பிறகு, லவிங் அமைந்திருக்கும் டெலவேர் படுகையில் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் தொழில் பெருகியது. லவிங், மாநிலத்தில் அதிகம் எண்ணெய் எடுக்கும் கவுன்டிகளில் ஒன்றானது. 302ஆம் எண் சாலையில் மணல் லாரியும் தண்ணீர் லாரியும் இடைவெளியே இல்லாமல் ஓடின. தொழிலாளர்கள் டிரெய்லர் முகாம்களில் வாரக்கணக்கில் தங்கினார்கள், வேலைச் சுற்று முடிந்ததும் வீட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய வீடு வேறு மாவட்டத்தில், வேறு மாநிலத்தில். வாக்கும் அங்கேதான்.

கவுன்டியில் தினமும் தூங்கி எழும் ஆட்களில் பெரும்பாலோர் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கும் குடும்பங்களில் பலர் அங்கே தினமும் தூங்குவதில்லை. இரண்டு பக்கமும் சட்டத்தை மீறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அதிபர் தேர்தல் முடிவு என்று நாம் படிக்கும் அந்த ஒற்றை வரி யாருடைய குரல்? நிலத்தோடும் நிர்வாகத்தோடும் தொடர்பு வைத்திருக்கும் சில குடும்பங்களுடையது என்பது என் முடிவு.

தொடர்பை விடாமல் வைத்திருக்கக் காரணமும் இருக்கிறது. டெக்சாஸில் நிலத்தடி எண்ணெய் சொத்தாகக் கணக்கிடப்பட்டு, கவுன்டி அதற்கு வரி விதிக்கிறது. லவிங்கின் வரிக்குரிய சொத்து மதிப்பு பில்லியன் டாலர் கணக்கில் இருக்கிறது. பணத்தைச் செலவிட முடிவெடுப்பவர்கள் ஒரு கவுன்டி நீதிபதி, நான்கு ஆணையர்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சில டஜன் வாக்கு போதும்.

## எடுத்த முடிவுகள்: 2005, 2022

இந்தச் சில டஜன் கணக்கை வெளியார் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? 2005இல், அரசின் கை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று நம்பும் சுதந்திரவாதக் குழு ஒன்று, லவிங்கில் நிலம் வாங்கி, ஆட்களைக் குடியேற்றி, உள்ளூர்ப் பதவிகளைப் பிடிக்கத் திட்டமிட்டது. தர்க்கம் நேரானது: கொஞ்சம் பேர் வந்தால் போதும், கவுன்டி கைக்கு வந்துவிடும். அன்றைய ஷெரிஃப் நிலப் பத்திரங்களை ஆராய்ந்தார். வாங்கியதாகச் சொன்ன நிலத்துக்கு உரிமை சரியில்லை என்று வழக்கானது. குடியேற்றம் நடக்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் அந்த முறை ஒன்றாக நின்றார்கள். வருவோர் இங்கே வாழ வரவில்லை, வாக்களிக்கவே வருகிறார்கள் என்பது அவர்கள் வாதம். வாழாமல் வாக்களிக்கும் வழக்கம் தங்கள் பக்கமும் இருப்பதை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பதினேழு வருடம் கழித்துப் பேச வேண்டி வந்தது. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், குறிப்பிட்ட ஒரு தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தோடு வசிப்பிடத்தை ஏற்படுத்திக்கொள்ளக் கூடாது என்றது. 2022 மே மாதம் கவுன்டி நீதிபதி, உரிமையாளர் தெரியாத மாடுகள் தொடர்பான குற்றச்சாட்டில் கைதானார். அது நிரூபணம் அல்ல, குற்றச்சாட்டு. இந்த ஆய்வுக்கு அது முக்கியமும் அல்ல. அதே காலத்தில் நடந்த இன்னொன்றுதான் முக்கியம்.

டெக்சாஸில் ஜூரிக்கான (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்தும் ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் எடுக்கிறார்கள். கீழ்நிலை நீதிபதி ஒருவர் ஜூரிக்கு அழைப்பு அனுப்பினார். வந்தவர்களில் சிலர் இங்கே வசிக்கவே இல்லை என்று சொல்லி, நீதிமன்ற அவமதிப்பில் அவர்களைக் கைது செய்ய உத்தரவிட்டார். வராமல் போனால்தான் பொதுவாக அவமதிப்பு. இங்கே வந்ததே குற்றமானது. அவருடைய கணக்கு புரிகிறது: வாக்காளர் என்று சொல்லிக்கொள்பவரைச் சத்தியப் பிரமாணத்தின் கீழ் 'எங்கே வசிக்கிறாய்?' என்று கேட்க அவர் கையில் இருந்த ஒரே கருவி ஜூரி அழைப்பு. ஆனால் தனக்கு வாக்களிக்காத தரப்பை நீதிபதியே தன் அதிகாரத்தால் சிறைக்கு அனுப்பியதாகத்தான் எதிர்த்தரப்புக்குத் தோன்றும், தோன்றியது. கருவி தவறு என்பது என் கருத்து. பதிவாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அந்த நவம்பரில் உள்ளூர்ப் பதவிகளுக்குத் தேர்தல் நடந்தது. தோற்றவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு முழுக்க ஒரே விஷயம்தான்: யார் எங்கே வசிக்கிறார். எந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள் என்பது எங்கும் எழவில்லை. எதிரெதிராக நின்ற உறவினர்கள், அதிபர் தேர்தல் வரியில் ஒரே நிறத்தில்தான் இருப்பார்கள்.

## பின்னர் நடந்தது

பிரச்சினை அடங்கவில்லை. 2025இல் இன்டியானா மாநிலத்தவர் ஒருவர் லவிங்கில் இரண்டு துண்டு நிலம் வாங்கி, குடியேற வருவோருக்கு இலவச வீடு என்று சமூக ஊடகத்தில் அழைப்பு விடுத்தார். உள்ளூர் ஆட்சியைப் பிடிப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகவே பேசினார். மக்கள் டிரெய்லரும் கூடாரமுமாக வரத் தொடங்கினார்கள். மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் அவர்மேல் வழக்குத் தொடுத்தார். 1893இல் டென்வர்க்காரர்கள், 2005இல் சுதந்திரவாதிகள், 2025இல் இவர். இந்த வரிசையில் ஒரு வேறுபாட்டைக் கவனித்தேன்: முதல் கூட்டத்தில் ஆளே இல்லை, பெயர் மட்டும் இருந்தது; கடைசிக் கூட்டத்தில் ஆட்கள் நிஜமாகவே வந்து தரையில் படுத்தார்கள். தூங்குவதுதான் வசிப்பது என்றால் இவர்களை எப்படி மறுப்பது? எண்ணம்தான் வசிப்பது என்றால் ஒடெசாவில் தூங்கும் குடும்பங்களை எப்படி ஏற்பது? மாநிலச் சட்டம் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தாக வேண்டும்.

## என்ன மாற வேண்டும்

முதலில் என் வேலையில் மாறியதைச் சொல்கிறேன். ஆயிரம் வாக்குக்குக் குறைவான எந்த இடத்துக்கும் இனி சதவீதத்தை மட்டும் எழுதுவதில்லை. எண்ணிக்கையைத்தான் முதலில் எழுதுகிறேன். அதிபர் தேர்தல் முடிவின் பக்கத்தில் மக்கள்தொகையையும், அந்தச் சீட்டில் வேறு எந்தப் பதவிகளுக்குத் தேர்தல் நடந்தது என்பதையும் வைக்கிறேன். 2000இன் வரியில் ஷெரிஃப் தேர்தல் என்று ஒரு குறிப்பு இருந்திருந்தால், 156ஐப் பார்த்து அச்சுப் பிழை என்று நினைத்திருக்க மாட்டேன்.

கவுன்டி மட்டத்தில், வாக்காளர் பதிவை வரி வசூலிப்பாளரிடமிருந்து எடுத்து, எழுத்தரிடமோ தனியாக நியமிக்கும் தேர்தல் நிர்வாகியிடமோ ஒப்படைக்க டெக்சாஸ் சட்டம் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. நூறுக்கும் குறைவான வாக்கு விழும் இடத்தில் எழுத்தரும் யாரோ ஒருவருக்கு அத்தையோ மைத்துனியோ ஆகத்தான் இருப்பார். பக்கத்து கவுன்டிகளோடு சேர்ந்து ஒரு பொது நிர்வாகியை வைத்துக்கொள்வதே நடைமுறையில் உருப்படும் என்று நினைக்கிறேன். வாக்கு ரகசியத்துக்கும் ஒரு எளிய தீர்வு உண்டு: தபால், முன்கூட்டி, அன்றைய தினம் என்று பிரிக்காமல் மொத்தமாக ஒரே எண்ணை வெளியிட வேண்டும்.

வசிப்பிடம் பற்றிய வரையறையைத் தொட யாருக்கும் மனம் வராது, ஏனென்றால் அதே நெகிழ்வான வரையறையில்தான் கல்லூரி மாணவரும் ராணுவ வீரரும் எண்ணெய் முகாம் தொழிலாளியும் தத்தம் ஊரில் வாக்களிக்கிறார்கள். லவிங்குக்காக அதை இறுக்கினால் முதலில் வாக்கை இழப்பவர், மிட்லாந்து பக்கத்து முகாமில் மூன்று வாரம் தூங்கிவிட்டு லூசியானாவிலுள்ள வீட்டுக்குப் போகும் அந்த லாரி ஓட்டுநராக இருக்கக்கூடும்.